ஆராய்ந்து துணிதல்

ஒரு செயலில் இறங்குமுன் அதனை நன்கு ஆராய வேண்டும் என்பதை மறுப்பார் எவருமிலர். ஆயினும், ஆராய்தல் என்றால் என்ன, அதனை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று வினவினால், விடை கூறத் தயங்குவோர் பலராவர். நெடுநேரம் சிந்திப்பதே ஆராய்தல் என்று சிலர் கருதுகின்றனர். நாலு பேரைக் கேட்டுவிட்டு, தாம் முன்னமே விரும்பியதைச் செய்வதே ஆராய்தல் என்று வேறு சிலர் நடந்துகொள்கின்றனர். முடிவைத் தள்ளிப்போடுவதற்கு அப்பெயரைச் சூட்டுவாரும் உண்டு. இம்மூன்றும் ஆராய்தல் ஆகா. அவ்வாறாயின் அது யாது என்பதையே இங்கு நாம் காண முயல்வோம்.

நம் மொழி இவ்வகையில் நமக்கு நல்ல வழிகாட்டியாக இருக்கிறது. ஆய்தல், எண்ணுதல், சூழ்தல், துணிதல் என்னும் நான்கு சொற்களை எடுத்துக்கொள்வோம். கீரை ஆய்வதை நாம் அறிவோம். நல்ல இலையை ஒருபுறமும் அழுகலை ஒருபுறமும் பிரிப்பதே அவ்வேலை. எனவே ஆய்தல் என்பது பிரித்தறிதலாகும். எண்ணுதல் என்னும் சொல்லுக்கோ நினைத்தல் என்றும் கணக்கிடுதல் என்றும் இரு பொருள் உண்டு. கணக்கிடாத நினைப்பு வெறும் ஆசையாகவோ அச்சமாகவோ முடியும் என்பதை உணர்ந்தே நம் முன்னோர் இரண்டையும் ஒரு சொல்லில் வைத்தனர் போலும்! சூழ்தல் என்றால் சுற்றிவருதல்; ஒரு பொருளை எல்லாப் பக்கங்களிலிருந்தும் பார்த்தல்; பிறரோடு கலந்து எண்ணுதல். சூழ்ச்சி என்னும் சொல் பண்டைக் காலத்தில் ஆலோசனை என்ற நற்பொருளிலும் வழங்கியது; இன்று அது சதி என்ற பொருளிலேயே பெரிதும் வழங்குகிறது. பலர் அறியக் கூடிப் பேசுவது நல்லாலோசனை. பாதிக்கப்படுவோரை விலக்கிவிட்டு மறைவில் பேசுவது சதி. ஒரு சொல்லின் வாழ்க்கையே இவ்வேறுபாட்டை நமக்கு உணர்த்திவிடுகிறது. இறுதியாகத் துணிதல். முடிவு செய்தல் என்றும், அறுபடுதல் என்றும் அதற்குப் பொருளுண்டு. அறுக்க வேண்டிய இடத்தில் அறுக்காமல் எத்துணைக் காலம் ஆராய்ந்தாலும் அது முடிவாகாது.

திருவள்ளுவர் பொருட்பாலில் அதிகாரங்களை நிறுத்தியுள்ள முறையும் கருதத்தக்கது. தெரிந்து செயல்வகை என்பதை 47-ஆம் அதிகாரமாக வைத்து, அதன்பின் வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று அடுக்கிச் செல்கின்றார். செயலை அறிந்து, வலிமையை அளந்து, காலமும் இடமும் தேர்ந்து, ஆளைத் தெளிந்து, பின்னரே பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்னும் ஒழுங்கு அவ்வரிசையிலேயே அமைந்து கிடக்கின்றது.

கோட்பாட்டைக் கூறிவிட்டு நின்றுவிடாமல், அதனை ஓர் ஊரில் வைத்துப் பார்ப்போம். சித்தூரிலிருந்து பலமனேருக்குச் செல்லும் பெருவழியில் பங்காருபாளையம் என்னும் ஊர் இருக்கிறது. பங்காரு என்பது தெலுங்கில் பொன்னைக் குறிக்கும். பாளையம் என்பது பாளையக்காரர் காலத்தை நினைவூட்டும். சுற்றிலும் மாந்தோப்புகள், மேற்கே ஏறினால் மலைப்பாதை, அதற்கு அப்பால் கன்னட நாடு தொலைவில் இல்லை, தெற்கே சிறிது தூரத்தில் தமிழ்நாட்டு எல்லை. அப்பகுதியில் தெலுங்கே பெரும்பான்மையோர் மொழி. எனினும் தமிழ் அறிந்தோருக்குப் பஞ்சமில்லை. இவ்வூர் ஆந்திரத்தில் இருப்பதும், சில மணி நேரப் பயணத்தில் உள்ள திருத்தணி தமிழ்நாட்டில் இருப்பதும் இன்று நமக்கு இயல்பாகத் தோன்றுகின்றன. ஆனால் அவ்வாறு அமைவதற்கு ஒரு பெரும் வழக்கு நிகழ்ந்தது. அதில் உயிர்கள் போயின. பின்னர் ஒரு நிதானமான ஆராய்ச்சியும் நிகழ்ந்தது.

சித்தூர் மாவட்டம் பழமையான நிலப்பிரிவன்று. 1911 ஏப்ரல் முதல் நாளன்று, வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் சில பகுதிகளையும் கடப்பை மாவட்டத்தின் சில பகுதிகளையும் சேர்த்து அதனை அமைத்தனர். அதற்கு முன்னர் வட ஆர்க்காட்டின் தலைநகரே சித்தூர்தான். ஆளுகை வசதிக்காக ஏற்பட்ட அம்மாவட்டத்தில் தெலுங்கு பேசும் ஊர்களும் இருந்தன. தமிழ் பேசும் ஊர்களும் இருந்தன. எல்லோரும் ஒரே சென்னை மாகாணத்தில் வாழ்ந்தமையால் அது பெரிய வினாவாக எழவில்லை.

ஆந்திர மக்கள் தமக்கெனத் தனி மாநிலம் வேண்டுமென்று பல ஆண்டுகள் கோரினர். அக்கோரிக்கைக்காக 1952 அக்டோபர் 19-ஆம் நாள் சென்னையில் உண்ணாநோன்பு தொடங்கிய பொட்டி ஸ்ரீராமுலு, டிசம்பர் 15-ஆம் நாள் உயிர் நீத்தார். தெலுங்கு மாவட்டங்களில் கலவரம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர். டிசம்பர் 19-ஆம் நாள், தனி மாநிலம் அமைக்கப்படும் என்று பிரதமர் ஜவாஹர்லால் நேரு அறிவித்தார். 1953 அக்டோபர் முதல் நாள் கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் முழுமையும் அதனோடு சென்றது. திருத்தணியும் உடன் சென்றது.

இங்கேதான் நாம் உற்று நோக்க வேண்டிய இடம் வருகிறது. அந்த நேரத்தில் அளவுகோலாகக் கொள்ளப்பட்டது மாவட்டம். மாவட்டத்தை அளவாகக் கொண்டால் வேலை விரைவில் முடியும்; வரைபடத்தில் கோடு முன்பே இருக்கிறது. ஆனால் அக்கோடு மொழியைக் கருதி இடப்பட்டதன்று. வேறு ஒரு காரியத்துக்காக 1911-இல் இட்ட கோட்டைக் கொண்டு 1953-இல் மொழி வழக்கைத் தீர்த்தால், வழக்கு தீராது என்பது வெளிப்படை. அவ்வாறே தீரவும் இல்லை. திருத்தணியை மீட்க வேண்டுமென்று ம. பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்று வடக்கெல்லைக் கிளர்ச்சியை நடத்தினர். மறியல்களும் சிறைவாசங்களும் தொடர்ந்தன. திருப்பதியும் தமிழருடையதே என்றனர் இப்பக்கத்தார். சென்னை நகரே எங்களுடையது என்று முன்பு கோரியிருந்தனர் அப்பக்கத்தார். ஒவ்வொரு தரப்பும் தனக்கு உகந்த முடிவிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிக் காரணம் தேடிற்று.

இந்நிலையை மாற்றியது ஒரு நடுவரின் அணுகுமுறை. மைய அரசாங்கத்தில் சட்டத்துறை அமைச்சராகப் பணியாற்றிய ஹரி விநாயக் பட்டாஸ்கர் அவ்வெல்லை வழக்கை ஆராய்ந்து 1957-இல் தம் பரிந்துரையை வழங்கினார். இன்னவூர் யாருக்கு என்பதை அவர் முதல் வினாவாகக் கொள்ளவில்லை. எந்த அளவுகோலால் அளப்பது என்பதை முதலில் நிறுவினார். மாவட்டமும் அன்று, வட்டமும் அன்று, கிராமமே அளவு. ஒரு கிராமத்தில் எம்மொழி பேசுவோர் மிகுதியோ அம்மொழி மாநிலத்துக்கு அக்கிராமம் உரியது. ஆனால் அது அம்மாநிலத்தோடு நிலத்தொடர்பு உடையதாக இருத்தல் வேண்டும். இவையே அவர் கொண்ட நெறிகள். இவை பட்டாஸ்கர் திட்டம் என்று பெயர் பெற்றன.

நாம் முன்னர்க் கண்ட நான்கு சொற்களும் இதில் முறையே பொருந்துவதைக் காணலாம். வழக்குக்குரிய ஊர்களையும் வழக்கற்ற ஊர்களையும் பிரித்தது ஆய்தல். உணர்ச்சியை ஒதுக்கி, மக்கள் தொகைக் கணக்கைக் கையில் கொண்டு, ஊர் ஊராக மொழியைக் கணக்கிட்டது எண்ணுதல். இரு மாநிலங்களின் வாதங்களையும் கேட்டதும், அரசியலமைப்பின் 3-ஆம் பிரிவு விதித்தபடி இரு சட்டமன்றங்களின் கருத்தையும் பெற்றதும் சூழ்தல். நாடாளுமன்றம் 1959-இல் ஆந்திரப் பிரதேச சென்னை எல்லை மாற்றச் சட்டத்தை நிறைவேற்றியதும், அது 1960 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்ததும் துணிதல்.

அம்முடிவின்படி திருத்தணி, பள்ளிப்பட்டு ஆகிய பகுதிகள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரப் பிரதேசத்தைச் சேர்ந்தது. திருப்பதி, சித்தூர், பலமனேர், குப்பம் ஆகியவை ஆந்திரத்திலேயே நின்றன. பங்காருபாளையமும் அவ்வாறே நின்றது. இரு தரப்புக்கும் சிறிது கிடைத்தது. இரு தரப்பும் சிறிது இழந்தன. வேண்டியது முழுதும் கிட்டிற்று என்று மகிழ்ந்தவர் எப்பக்கத்திலும் இல்லை. ஆயினும் அந்த எல்லை நிலைத்தது. 2022 ஏப்ரல் 4-ஆம் நாள் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமானபோதும், மாநில எல்லை பற்றிய பழைய வழக்கு மீண்டும் எழவில்லை.

ஒரு முடிவு ஏன் நிலைக்கிறது? தோற்றவரும் அதன் முறையை நேர்மையென்று ஒப்பும்போதே நிலைக்கிறது. அளவுகோலை முன்னரே இசைந்து கொண்டுவிட்டால், முடிவு கசப்பாக இருப்பினும் வஞ்சிக்கப்பட்டோம் என்ற எண்ணம் தோன்றாது. விளைவைப் பார்த்துவிட்டு அளவுகோலைத் தேடினால், எவ்வளவு நல்ல முடிவும் ஐயத்துக்கு உள்ளாகும். நிதானமாக ஆராய்வதன் உயிர்நிலை இதுவேயாகும்.

இதன் மறுபக்கத்தைக் காட்டும் செய்திகளும் நம் நாட்டு வரலாற்றில் உள. 1947 ஜூலை 8-ஆம் நாள் இந்தியா வந்து சேர்ந்த சர் சிரில் ராட்கிளிஃப், அதற்கு முன் இந்நாட்டைக் கண்டிராதவர். ஏறக்குறைய ஐந்து வாரங்களில் பஞ்சாபையும் வங்காளத்தையும் பிரிக்கும் கோட்டை வரையுமாறு அவர் பணிக்கப்பட்டார். அக்கோடு விடுதலைக்குப் பின்னர், ஆகஸ்ட் 17-ஆம் நாள்தான் மக்களுக்குத் தெரிந்தது. தாம் எந்நாட்டில் இருக்கிறோம் என்று அறியாமலே பல ஊரார் விடுதலை நாளைக் கழித்தனர். அவ்வெல்லையை ஒட்டி நேர்ந்த துன்பத்துக்குக் காரணங்கள் பல. காலக்குறுக்கமும் அவற்றுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. மற்றொன்று பெல்காம் வழக்கு. மகாராஷ்டிரத்துக்கும் மைசூருக்கும் இடையே எழுந்த அவ்வழக்கை ஆராய 1966-இல் நீதிபதி மகாஜன் தலைமையில் ஆணையம் அமைந்தது. 1967-இல் அறிக்கையும் வந்தது. ஆனால் கிராமத்தையே அளவாகக் கொள்ள வேண்டுமென்று வாதிட்ட மகாராஷ்டிரம் அவ்வறிக்கையை ஏற்கவில்லை. 2004-இல் அவ்வழக்கு உச்சநீதிமன்றத்தை அடைந்தது. ஆணையமும் அறிக்கையும் இருந்தன. இசைந்த அளவுகோல் இல்லை.

இனி, நிதானமாக ஆராய்ந்த முடிவும் குறையற்றதாக இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. கிராமத்தின் பெரும்பான்மையைக் கொண்டு முடிவு செய்யும்போது, அங்குச் சிறுபான்மையாக நிற்பவரின் நிலை என்ன? எல்லைக்கு அப்பால் நின்ற தமிழருக்கும் இப்பால் நின்ற தெலுங்கருக்கும் அது வாழ்க்கை வினா. முடிவால் இழப்போரின் நலத்துக்கு வழி செய்வதும் ஆராய்ச்சியின் பகுதியே. மாநிலங்களைத் திருத்தியமைத்த 1956-ஆம் ஆண்டிலேயே, அரசியலமைப்பின் ஏழாவது திருத்தத்தால் 350அ, 350ஆ என்னும் இரு பிரிவுகள் சேர்க்கப்பட்டன. மொழிச் சிறுபான்மையோரின் குழந்தைகள் தொடக்கப் பள்ளியில் தாய்மொழியில் கற்கப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்பது முதற் பிரிவு. அவர்களுடைய பாதுகாப்புகளை ஆராய்ந்து குடியரசுத் தலைவருக்கு அறிக்கை தரத் தனி அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது அடுத்த பிரிவு. வேற்று மாநிலங்களில் வாழும் நம்மவர் இவ்விரு பிரிவுகளையும் அறிந்திருத்தல் நலம். மூன்று மொழிகளும் சந்திக்கும் குப்பத்தில் 1997-இல் திராவிடப் பல்கலைக்கழகம் அமைந்ததும், எல்லை பிரித்த இடத்திலேயே மொழிகளைக் கூட்டிவைக்க எடுத்த நல்ல முயற்சி எனலாம்.

அரசாங்கங்களின் செய்தி இதுவாக, குடும்பங்களின் செய்தி யாது? அதற்கும் பங்காருபாளையமே சான்று தருகிறது. அவ்வட்டாரத்து மாந்தோப்புகளில் தோத்தாபுரி என்னும் வகையே மிகுதி. நாம் கிளிமூக்கு என்று வழங்கும் மாங்கனி அது. சாறுக்கும் கூழுக்கும் ஏற்றதாகையால், சித்தூர் வட்டாரத்துக் கூழ் ஆலைகள் அதனை வாங்குகின்றன. ஒட்டுக்கன்று நட்டு நான்கைந்து ஆண்டு கழிந்தே காய்ப்பு வரும். பின்னர் பல பத்தாண்டுகள் மரம் நிற்கும். நெல்லை இவ்வாண்டு விட்டு அடுத்த ஆண்டு கரும்பு போடலாம். மாவை நட்டவர் அவ்வாறு மாற இயலாது. எனவே கன்று நடும் நாளில் செய்யும் முடிவு, தந்தை மகனுக்கும் சேர்த்துச் செய்யும் முடிவாகும்.

2025-ஆம் ஆண்டுப் பருவத்தில் அப்பழத்தின் விலை வீழ்ந்தது. முன்னைய ஆண்டுகளின் கூழ் ஆலைகளில் தேங்கியிருந்தமையால் வாங்குவோர் பின்வாங்கினர். பங்காருபாளையத்துச் சந்தை முற்றம் அக்கோடையில் நாடெங்கும் பேசப்பட்டது. ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாயும், அரசாங்கம் 4 ரூபாயும் ஆக 12 ரூபாய் உழவருக்குக் கிடைக்குமாறு ஆந்திர அரசாங்கம் ஏற்பாடு செய்தது. அதன் பின்னரும் உழவரின் குறை முற்றும் நீங்கவில்லை.

இதனைக் கண்டு, உழவர் ஆராயாமல் நட்டனர் என்று கூறுவது முறையன்று. ஒவ்வொருவரும் மண்ணைப் பார்த்தார்; மழையைப் பார்த்தார்; அருகில் ஆலை உண்டா என்று பார்த்தார்; அண்டைத் தோட்டத்தின் வருவாயையும் பார்த்தார். தனித்தனியே நோக்கினால் ஒவ்வொரு முடிவும் அறிவுடையதே. ஆனால் எல்லோரும் அதே முடிவுக்கு வந்தபோது, அம்முடிவின் பயனே மாறிவிட்டது. நம் செயலின் பயன் பிறர் செயலைப் பொறுத்திருக்குமாயின், தனியே ஆராய்வது போதாது. கூடி ஆராய வேண்டும். எத்தனை ஏக்கரில் எவ்வகை நிற்கிறது, ஆலைகள் எவ்வளவு கொள்ளும், வேறு வகைக்கு எவ்வளவு இடம் விடலாம் என்ற கணக்கு, உழவர் கூட்டத்தில் எல்லோர் கண்முன்னும் இருத்தல் வேண்டும். சூழ்தல் என்னும் சொல்லின் முழுப்பொருள் இங்கே விளங்குகிறது.

செய்த முடிவைத் திரும்பிப் பார்க்கும் துணிவும் வேண்டும். உத்திரமேரூர்ச் சபையார் முதற் பராந்தக சோழன் காலத்தில் குடவோலை முறைக்குரிய விதிகளைக் கல்லில் பொறித்தனர். கி.பி. 919-இல் செய்த ஏற்பாட்டை, 921-இல் மீண்டும் கூடி விரிவாகத் திருத்தினர். கல்லில் வெட்டியாயிற்றே என்று அவர்கள் வாளா இருக்கவில்லை. இரண்டாண்டு நடைமுறைக்குப் பின் திருத்தம் தேவையெனக் கண்டபோது, அதனையும் கல்லிலேயே வெட்டி வைத்தனர்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்குப் பெரிய முடிவுகள் அடிக்கடி நேர்கின்றன. பிள்ளையை எம்மொழிப் பள்ளியில் சேர்ப்பது? சேர்த்த பணத்தில் இங்கே வீடு வாங்குவதா, சொந்த ஊரில் மனை வாங்குவதா? முதிய பெற்றோரை இங்கு அழைத்துக்கொள்வதா, நாம் அங்குச் செல்வதா? இத்தகைய நேரங்களில் பின்வரும் முறையைக் கையாண்டு பார்க்கலாம்.

முதலாவது, விருப்பங்களைப் பற்றிப் பேசுமுன், எதைக் கொண்டு அளப்பது என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளுதல். பெற்றோரை அழைத்து வரும் முடிவாயின், மருத்துவ வசதி, வீட்டின் இடம், பகலில் துணை, பேசப் பழக மொழியறிந்தோர் ஆகிய இவற்றுள் எது முதன்மை, எது அடுத்தது என்று இசைந்துகொள்ள வேண்டும். பெரிய பெரிய சொற்கள் வேண்டா. மாவட்டத்தை விட்டுக் கிராமத்துக்கு இறங்கியதுபோல, கண்ணுக்குத் தெரியும் சிறிய அளவுகளே நன்று.

இரண்டாவது, கேள்விப்பட்டதையும் கண்டறிந்ததையும் பிரித்தல். ஊரில் மனை மலிவு என்பது கேள்வி. பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றைப் பார்த்து, நேரில் சென்று நிலத்தில் நின்று அறிந்தது உண்மை. தொலைவில் வாழ்வோர் ஏமாறுவது பெரும்பாலும் இவ்விடத்திலேயே.

மூன்றாவது, அம்முடிவைச் சுமக்கப் போகின்றவரைக் கேட்டல். பெற்றோருடைய இருப்பிடத்தை முடிவு செய்யும் பேச்சில் பெற்றோரே இல்லாதிருப்பது நம் வீடுகளில் அரிய காட்சியன்று. நம்மோடு ஒத்த கருத்துடையவர் பதின்மரினும், மாறுபடும் ஒருவரின் சொல் நமக்குப் பயன் தரும்.

நான்காவது, முடிவுக்கு நாள் குறித்தல். நாளில்லா ஆராய்ச்சி நழுவலாகும். தைக்குள் முடிவு, சித்திரைக்குள் செயல் என்று வரையறுத்துவிட்டால், தகவல் தேடுவதும் ஒழுங்காக நடக்கும். நாள் வந்ததும் துணிய வேண்டும்.

ஐந்தாவது, முடிவையும் அதன் காரணத்தையும் எழுதி வைத்து, ஓராண்டு கழித்து எடுத்துப் பார்த்தல். இழந்தவர் குடும்பத்தில் யார், அவருக்கு நாம் செய்ய வேண்டியது என்ன என்பதையும் அப்போது கேட்டுக்கொள்ள வேண்டும். சொந்த ஊரையும் தோழரையும் விட்டு நம்மோடு வந்துவிட்ட தாய், நாள்தோறும் தமிழில் பேச யாருமின்றி இருக்கின்றாரா என்று நாம் பார்த்ததுண்டா? முடிவு சரியாகவே இருக்கலாம். அதன் சுமை அவர்மேல் மட்டும் விழுந்திருக்கலாம்.

எல்லா முடிவுகளுக்கும் இத்தனை முயற்சி வேண்டியதில்லை. இன்று என்ன காய் வாங்குவது என்பதற்கு ஐந்து படிகள் வேண்டா. எளிதில் மாற்றிக்கொள்ளக் கூடியதை விரைந்து செய்யலாம். மாற்ற இயலாததை நின்று செய்ய வேண்டும். கத்தரிக்கும் மாவுக்கும் உள்ள வேறுபாடு அது. எந்த முடிவு எவ்வகையைச் சார்ந்தது என்று தெரிந்துகொள்வதே ஆராய்ச்சியின் முதற் படியாகும்.